பலகையை விடக் கயிறே முக்கியம்

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எங்கள் வகுப்பில் நால்வர் ஏறத்தாழ ஒரே கதையைச் சொன்னோம். நால்வரும் வெவ்வேறு கடற்கரைகளில் துடுப்புப் பலகை ஏறி வந்தவர்கள். கேட்டுக் கொண்டிருந்த தோழியர் கேட்ட கேள்விகளும் ஒன்றே போல் இருந்தன. பலகை என்ன நிறம்? அரை மணிக்கு எவ்வளவு வாங்கினார்கள்? படம் எடுத்தீர்களா? கயிற்றைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்காததில் வியப்பும் இல்லை. பலகை ஏறிய எனக்கே அன்று கயிற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

அறியாதவர்க்குச் சில சொற்கள். பத்தடிக்கு மேல் நீளமுள்ள அகன்ற பலகை ஒன்றின்மேல் நின்றுகொண்டு, நம் உயரத்தினும் நீண்ட ஒற்றைத் துடுப்பால் நீரைத் தள்ளிச் செல்வதே இவ்விளையாட்டு. ஆங்கிலப் பெயரைச் சுருக்கி 'சப்' என்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் வைகிகி கடற்கரையில் பயணிகளுக்கு அலைச்சறுக்கு கற்பித்தவர்கள், கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி பலகையில் நின்று துடுப்புப் போட்டுச் சென்று படம் எடுத்தார்களாம். 2000ஆம் ஆண்டை ஒட்டி லேர்ட் ஹாமில்டன் முதலிய வீரர்கள் அதை மீண்டும் கையில் எடுக்க, உலகெங்கும் பரவிவிட்டது. ஹவாய்க்காரர்கள் பெருமை கொள்ளட்டும், தவறில்லை. ஆனால் கட்டுமரத்தில் நின்றுகொண்டே துடுப்புப் போட்டு வந்தவர்களைத் தம் சிறு வயதில் நாள்தோறும் பார்த்ததாக என் பாட்டி சொல்கிறார். 'கட்டுமரம்' என்ற நம் சொல்தானே ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' ஆயிற்று! ஆகவே இது முற்றிலும் அந்நியப் பண்டம் என்று நம் பெற்றோர் ஒதுக்க வேண்டியதில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். கடந்த மே மாதம் சித்தி குடும்பத்துடன் இராமநாதபுரம் மாவட்டத்தில், பாக் நீரிணைக் கரையில் உள்ள ஓர் ஊருக்குச் சென்றிருந்தோம். ஊர்ப் பெயரும், பலகை வாடகைக்கு விட்டவர் பெயரும் இங்கே வேண்டாம். காலை பத்து மணி. கரையோரத்தில் நீர் கண்ணாடியைப் போல் இருந்தது. அடியில் கடற்புல் அசைவதுகூடத் தெரிந்தது. "இதைவிடச் சாதுவான கடல் எங்கே கிடைக்கும்?" என்று அம்மாவே சொன்னார்கள். எனக்கும் பதின்மூன்று வயதான சித்தி மகளுக்கும் ஆளுக்கொரு பலகை கொடுத்தார்கள். பெரியவர்கள் அணியும் உயிர்காப்பு அங்கியைக் கொடுத்து, வாரை இழுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். பலகையின் பின்புறத்தில் ஒரு வளையம் இருந்தது. அதில் ஒன்றும் கட்டப்படவில்லை. அது எதற்கு என்று நாங்கள் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

முதலில் எல்லாம் இன்பமாகவே இருந்தது. துடுப்பை மெல்லப் போட்டாலே பலகை விரைந்தது. எங்கள் திறமைதான் என்று எண்ணிக் கொண்டோம்! சற்றுத் தொலைவு சென்றபின் நீரில் சிற்றலைகள் எழுந்தன. சித்தி மகள் தடுமாறி விழுந்தாள். விழுவது இவ்விளையாட்டில் பிழையன்று, எல்லாரும் விழுவார்கள். அவள் தலை நீருக்கு மேலே வந்து பார்ப்பதற்குள் பலகை இருபதடிக்கு அப்பால் போய்விட்டது. அவள் நீந்தத் தெரிந்தவள்தான், தாத்தா வீட்டுக் கிணற்றில் கற்றவள். பலகையைப் பிடிக்க நீந்தினாள். இவள் நீந்த நீந்த அது விலகிற்று. அங்கியோ மார்பில் இருக்காமல் காதுவரை ஏறி அவள் முகத்தை மறைத்தது. நான் என் பலகையை அவளருகே கொண்டு சென்று அவளைப் பிடித்துக்கொள்ளச் செய்தேன். பிறகு கரையை நோக்கித் துடுப்புப் போட்டேன். கைகள் சோர்ந்தனவே தவிர, கரை நெருங்கவில்லை. அம்மா கரையில் விரலளவாகத் தெரிந்தார்கள். கையை அசைக்கிறார்கள் என்று தெரிந்தது. என்ன சொல்கிறார்கள் என்று கேட்கவில்லை.

வலை வாங்கிக்கொண்டு திரும்பிய நாட்டுப்படகு ஒன்று எங்களைக் கண்டது. முதியவர் ஒருவர் கயிற்றை எறிந்து எங்களை ஏற்றினார். ஓடிப்போன பலகையையும் துரத்திப் பிடித்துக் கொடுத்தார். திட்டவில்லை. "ஏன் தாயி, காத்து எங்கிட்டு இருந்து அடிக்குதுன்னு பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டார். நாங்கள் விழித்தோம். தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்று அங்கே நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையோரத்தில் மரங்களும் வீடுகளும் மறைப்பதால் நீர் கண்ணாடியாய்க் கிடக்கிறது. மறைப்பைத் தாண்டியதும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. நாங்கள் விரைந்து சென்றது எங்கள் திறமையால் அன்று என்பது அப்போதுதான் விளங்கிற்று. மறைக்கல்வி வகுப்பில் பேதுரு நீர்மேல் நடந்த கதையைப் படித்திருக்கிறோம். அவர் காற்றைக் கண்டு அஞ்சியதால் மூழ்கத் தொடங்கினார். நாங்களோ காற்றைக் காணவே இல்லை!

வீடு திரும்பியபின் அந்த வளையத்தின் பொருளைத் தேடி அறிந்தேன். அதில் ஒரு முனையும், நம் கணுக்காலில் அல்லது முழங்காலுக்குக் கீழே மறுமுனையும் கட்ட ஒரு கயிறு உண்டு. 'லீஷ்' என்கிறார்கள். அமைதியான கடலுக்கும் ஏரிக்கும் தொலைபேசிக் கம்பி போலச் சுருண்ட கயிறு. அலை அடிக்கும் இடத்துக்குச் சுருளற்ற நேர்க்கயிறு, ஏறத்தாழப் பலகையின் நீளம். விழுந்தவளின் காலோடு கட்டுண்டிருந்தால் பலகை எங்கே ஓடும்? இழுத்தால் வந்துவிடும். பலகைதான் அங்கே மிகப் பெரிய மிதவை. அதன்மேல் ஏறிப் படுத்துவிட்டால் பாதி ஆபத்து அப்போதே நீங்கும். ஒரு பலகையின் விலையோடு ஒப்பிட்டால் இக்கயிற்றின் விலை மிக அற்பம். ஆயினும் அதைத்தான் விட்டுவிட்டார்கள்.

இச்செய்தியைப் பெரியப்பா மகனிடம் ஆர்வமாகச் சொன்னேன். கல்லூரியில் படிக்கும் அண்ணன் அவர். "அப்படியானால் தாமிரபரணியில் வெள்ளம் வரும்போது காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு போகலாமா?" என்று மடக்கினார். "போகலாமே" என்றேன். "போகக் கூடாது" என்று சொல்லி, வேல்ஸ் நாட்டில் நடந்ததைப் படிக்கச் சொன்னார். படித்தேன். அன்று இரவு உறக்கம் வரவில்லை.

2021ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், வேல்ஸில் ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் என்னும் ஊரில் கிளெத்தாவ் ஆற்றில் ஒன்பது பேர் துடுப்புப் பலகைகளில் சென்றனர். கனமழையால் ஆற்றில் வெள்ளம். ஊர் நடுவே ஒரு தடுப்பணை. அதன் மேல் சென்ற பலகைகள் கவிழ்ந்து நான்கு பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவர் அழைத்துச் சென்ற பயிற்சியாளர். பிரிட்டனின் கடல் விபத்து விசாரணைப் பிரிவு 2022 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையைப் படித்தால் மனம் கொதிக்கிறது. அழைத்துச் சென்றவர்களுக்கு அத்தகைய ஆற்றில் வழிநடத்தும் தகுதி இல்லை. தடுப்பணையின் ஆபத்தைப் பற்றி வந்தவர்களுக்கு முன்கூட்டியே விளக்கவில்லை. கட்டியிருந்த கயிறும் வேகமாக ஓடும் ஆற்றுக்கு ஏற்றதன்று. அந்நிறுவனத்தை நடத்திய பெண்மணி, கடும் கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2025 ஏப்ரலில் அவருக்குப் பத்தரை ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆற்றில் கணுக்கால் கயிறு ஏன் ஆகாது? நாம் ஒரு தூணின் இப்பக்கமும் பலகை அப்பக்கமும் சென்றுவிட்டால் கயிறு தூணில் மாட்டிக்கொள்ளும். ஓடும் நீர் உடலை நீட்டி இழுக்கும்போது குனிந்து கணுக்காலைத் தொட எவராலும் இயலாது. ஆகவே ஓடும் நீரில் இடுப்பில் கட்டி, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் கயிறுதான் வேண்டும். கடலில் உயிரைக் காக்கும் அதே கயிறு ஆற்றில் உயிரைப் பறிக்கலாம் என்பதை நினைக்கும்போது, "ஏதோ ஒரு கயிறு இருந்தால் சரி" என்று சொல்பவரிடமும் நாம் பலகை வாங்கக் கூடாது என்றே தோன்றுகிறது. தடுப்பணையைப் பற்றியோ நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டை எத்தனை முறை பேருந்திலிருந்து பார்த்திருக்கிறோம்! மேலிருந்து வருபவருக்கு நீர் சமமான கோடாகவே தெரியும். விழும் பள்ளம் தெரியாது. விழுந்த நீர் அடியில் சுழன்று மீண்டும் அணையை நோக்கியே திரும்புவதால், அதில் சிக்கியவரை விடாமல் பிடித்துவைக்கும்.

பலகையைத் தேர்வது பற்றியும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் தோழியர் விடமாட்டார்கள். புதிதாகக் கற்பவர்க்குப் பத்து முதல் பதினோரடி நீளமும், 32 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட அகலமும் உள்ள பலகை நல்லது. அகலம் குறைந்தால் வேகம் கூடும், ஆட்டமும் கூடும். பந்தயப் பலகைகள் 14 அடி நீண்டு ஒடுங்கியவை, பார்க்க அழகு, ஏறினால் குளியல். காற்றடைத்துப் பயன்படுத்தும் பலகைகள் இப்போது மிகுதி. அவற்றில் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவுக்கு அழுத்தம் இருக்க வேண்டும். பாதியில் அலுத்துப்போய் நிறுத்தினால் பலகை நடுவில் வளைந்து தொட்டிலாகிவிடும். முழுக் காற்றோடு நம் ஊர் வெயிலில் கிடத்தினாலோ உள்ளிருக்கும் காற்று விரிந்து ஒட்டு விட்டுப்போகும். துடுப்பு நம் உயரத்தைவிட எட்டு முதல் பத்து அங்குலம் நீளமாக இருந்தால் போதும். அதன் அலகு சற்றே சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி இருக்க வேண்டும். கரண்டியால் அள்ளுவது போல் பின்னோக்கிப் பிடிப்பதே எல்லாரும் செய்யும் தவறு. நான் அரை மணி நேரமும் அப்படியே பிடித்திருந்தேன் என்பதைப் பின்னர் படத்தில் கண்டு சிரித்தோம்.

உயிர்காப்பு அங்கியைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. அணிந்து வாரைக் கட்டியபின், தோழி ஒருத்தியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். அங்கி காதைத் தொட்டால் அது உங்களுக்கு உரியதன்று; வேறு கேளுங்கள். கேட்கக் கூச்சப்படுவதுதான் நம் பெண்பிள்ளைகளின் பெரிய குறை. "பரவாயில்லை" என்ற சொல்லை நாம் எத்தனை இடங்களில் சொல்லிவிடுகிறோம்!

உடையைப் பற்றி நம் அருட்சகோதரிகளும் தாய்மாரும் கவலைப்படுவது நியாயமே. ஆனால் துப்பட்டாவும் தொளதொளத்த சல்வாரும் நீரில் காலைச் சுற்றிக்கொள்ளும்; நனைந்தால் சுமையாகும். முழுக்கையும் முழுக்காலும் மூடி, உடலோடு ஒட்டிய நீச்சல் உடைகள் இப்போது கிடைக்கின்றன. அவை அடக்கமாகவும் இருக்கின்றன, வெயிலையும் தடுக்கின்றன. கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிடுவது நல்லது. மாதா சுரூபம் உள்ள சங்கிலியை நான் கழற்ற மறுத்து, அது அங்கியின் வாரில் சிக்கியதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நீரில் நடந்துகொள்ளும் முறை என்ற ஒன்று உண்டென்பதே பலருக்குத் தெரியாது. சாலையில் இடப்பக்கம் செல்கிறோம் அல்லவா? நீரில் எதிரெதிரே வரும் கலங்கள் தத்தம் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். துடுப்புப் பலகையும் ஒரு கலமா என்று சிரிக்க வேண்டாம். அலைச்சறுக்கும் குளிப்பும் நடைபெறும் பகுதிக்கு வெளியே சென்றால் அது கலமே என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. அலையில் சறுக்கும் இடத்தில், அலை உடையும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது. நின்றுகொண்டிருக்கும் நம் கண்ணுக்கு அலை முதலில் தெரியும். நீண்ட பலகையால் முதலில் பிடிக்கவும் முடியும். அதற்காக எல்லா அலைகளையும் நாமே எடுத்துக்கொள்வது பந்தியில் எல்லா வடையையும் நம் இலைக்கே வாங்குவது போன்றது. குளிப்பவர் நடுவே பலகையைக் கொண்டுபோவதும் கூடாது. ஆளில்லாமல் அலையில் வரும் பலகை ஒரு குழந்தையின் தலையில் பட்டால் என்ன ஆகும்?

இவை எல்லாவற்றிலும் மேலாக எனக்குப் படுவது மீனவர்க்குக் காட்ட வேண்டிய மரியாதை. நமக்கு அது விளையாட்டுத் திடல். அவர்களுக்கோ அது வயல். விதைத்த வயலின் நடுவே சைக்கிள் ஓட்டுவோமா? நீரில் வரிசையாக மிதவைகள் தெரிந்தால் அடியில் வலை கிடக்கிறது என்று பொருள். நம் பலகையின் அடியில் உள்ள துடுப்பு போன்ற பகுதி அதில் சிக்கினால் வலையும் கிழியும், நாமும் கவிழ்வோம். சுற்றிச் செல்ல வேண்டும். படகு கரையேறும் வழியில் நின்று படம் எடுக்கக் கூடாது. புறப்படுமுன் அவர்களிடம் காற்றையும், நீவாடு என்று அவர்கள் சொல்லும் நீரோட்டத்தையும் கேட்பது பணிவும் ஆகும், பாதுகாப்பும் ஆகும். அன்று நாங்கள் கரையில் வலை சிக்கெடுத்துக் கொண்டிருந்தவர்களைக் கடந்துதான் பலகையைத் தூக்கிச் சென்றோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகள் உள்ளன. பலகை கையில் இருக்கிறது என்பதற்காக அவற்றில் போய் இறங்கிவிட முடியாது. அனுமதியின்றிச் செல்லத் தடை உண்டு. ஆழமற்ற இடத்தில் கடற்புல்லின்மேல் பலகையை இழுத்துச் செல்வதும் தவறு. கடற்பசு மேய்வது அப்புல்லைத்தான்.

காற்று கடலை நோக்கி இழுத்தால் என்ன செய்வது? நிற்கக் கூடாது. நிற்கும் உடல் விரித்த பாயைப் போன்றது. காற்று அதைப் பிடித்துத் தள்ளும். மண்டியிட வேண்டும், போதாவிட்டால் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் துழாவ வேண்டும். நான் கடைசிவரை நின்றேன். அதனால்தான் கரை நெருங்கவில்லை. எது நேர்ந்தாலும் பலகையை விட்டுவிட்டு நீந்தக் கூடாது. கைப்பேசியை நீர் புகாத உறையிலிட்டு உடலோடு கட்டியிருந்தால் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இனிச் சொல்லப்போவது என் மனக்குறை. பெரியோர் பொறுத்தருள வேண்டும். அன்று மாலை வீட்டில் ஒரு தீர்ப்பு வழங்கப்பட்டது: "இனிப் பெண்பிள்ளைகள் கடலில் இறங்கக் கூடாது." மறுநாள் காலையில் நீந்தவே தெரியாத என் தம்பி கடலில் குளிக்கப் போனான். யாரும் தடுக்கவில்லை. விழுந்தவள் பெண் என்பதால் பலகை ஓடவில்லை. கயிறு இல்லாததால் ஓடியது. காற்றுக்கு ஆண் பெண் தெரியாது. வேல்ஸில் இறந்தவர்களில் ஆணும் இருந்தார், பெண்களும் இருந்தனர். அம்மாவின் அச்சத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. கரையில் நின்று கையசைத்த அவர்கள் முகத்தை நான் அருகில் வந்தபின் பார்த்தேன். அதை மறக்க மாட்டேன். ஆனால் அந்த அச்சத்துக்கு மருந்து தடை அன்று என்பதே என் கருத்து. கடற்கரை ஊரில் வாழும் நாம் கடலை விட்டு எவ்வளவு தூரம் ஓட முடியும்? வாடகைக்கு விடுபவரிடம் நான்கு கேள்விகள் கேட்கும் துணிவை எங்களுக்குக் கொடுங்கள். கயிறு எங்கே? என் அளவு அங்கி எங்கே? காற்று எந்தப் பக்கம்? எங்களைப் பார்த்துக்கொண்டு இருப்பவர் யார்? நான்கில் ஒன்றுக்கு விடை இல்லையென்றாலும் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

நம் பள்ளியில் வலைப்பந்துக்கு இடமிருக்கிறது, மேசைப்பந்துக்கு அறை இருக்கிறது. நகரில் உள்ள நீச்சல் குளம் ஒன்றில் சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம், ஆசிரியை ஒருவர் துணையுடன், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு மாணவியர்க்கு ஏற்பாடு செய்து தருமாறு தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பேருந்துச் செலவைத் தர எங்கள் வகுப்பில் இருபத்திரண்டு பேர் வீட்டில் இசைவு வாங்கிவிட்டார்கள். அந்த இருபத்திரண்டில் நான் இல்லை. அம்மா இன்னும் "பார்க்கலாம்" என்ற அளவிலேயே நிற்கிறார்கள்.

சித்தி மகள் என்னினும் துணிந்தவள். பிறந்தநாளுக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பொருள் வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறாள். அவளிடம் பலகை இல்லை, துடுப்பு இல்லை, கடலில் இறங்க அனுமதியும் இல்லை. சுருண்ட கயிறு ஒன்று மட்டும் இருக்கிறது.